கடைசிச் சுற்றில் அக்காளும் தங்கையும்

வீட்டில் அவளுக்குத் துறுதுறு என்றுதான் பெயர். பதினாறு வயது ஆகப்போகிறது, இன்னும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் இருக்க மாட்டாள். சதுரங்கப் போட்டியில்கூட ஒரு காயை நகர்த்திவிட்டுக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். பதினாறு வயதுக்குட்பட்டோர் பிரிவில் அதுதான் அவளுக்குக் கடைசிப் போட்டி. கடைசிச் சுற்றின் பட்டியலை ஒட்டியதும் ஓடிப்போய்ப் பார்த்தாள். எதிரே உட்காரப்போவது சொந்தத் தங்கை.

இருவருக்கும் ஒரே மடிக்கணினி, ஒரே நோட்டு. அக்காள் ராஜாவின் சிப்பாயைத் தள்ளினால் தங்கை சிசிலியன் தற்காப்பை ஆடுவாள். அதற்குமேல் பதினைந்து நகர்த்தல்வரை இருவருக்கும் தலைகீழ்ப் பாடம்.

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா போட்டிக் கூடத்தின் வாசலிலேயே நின்றுவிட்டார். "ரெண்டுமே என் புள்ளைங்க. நான் யாருக்குன்னு வேண்டிக்கிறது?"

ஆட்டம் வழக்கம்போலத் தொடங்கியது. இரண்டாவது நகர்த்தலில் குதிரை வெளியே வரவேண்டும். துறுதுறுவின் கை குதிரைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஒப்பிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்ற, ராணியின் சிப்பாயைத் தள்ளினாள். தங்கை வெட்டினாள். அக்காள் இன்னொன்றையும் நீட்டினாள். சிப்பாயைக் காவு கொடுத்து மற்ற காய்களைச் சீக்கிரம் களமிறக்கும் ஆட்டம் அது, நோட்டில் இல்லாதது.

தங்கை இருபது நிமிடம் யோசித்தாள். துறுதுறுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர்க் குழாய்க்கும் மேசைக்குமாக நடந்தாள்.

"நாலாவது தடவை எந்திரிக்கிற. போய் உக்காரும்மா," என்றார் நடுவர்.

அந்தச் சிப்பாயும் போயிற்று. ஆனால் சற்று நேரத்தில் அக்காளின் யானைகளும் மந்திரிகளும் தங்கையின் ராஜாவைக் குறிவைத்து நின்றன. தங்கையின் உதடு நடுங்கியது. பார்க்கச் சகிக்காமல், "டிரா பண்ணிக்கலாமா?" என்றாள் அக்காள்.

"பாவம் பாக்கறியா? வேணாம், ஆடு."

சுருக்கென்று தைத்தது. ஆத்திரத்தில் குதிரையை வெட்டக் கொடுத்துச் செக் வைத்தாள். தங்கை அதை வெட்டிவிட்டு, ராஜாவை ஒவ்வொரு கட்டமாக ஓரத்துக்கு நகர்த்திக் காப்பாற்றிக்கொண்டாள். பிறகு அக்காளிடம் தாக்கக் காய் மிஞ்சவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தாள்.

இரண்டு அழுத முகங்களையும் பார்த்து அப்பா திகைத்தார். "யாருடி ஜெயிச்சது?"

"இவதான்," என்று தங்கையைக் காட்டினாள் துறுதுறு.

பேருந்தில் தங்கை மெதுவாகச் சொன்னாள்: "குதிரையக் குடுக்காம யானைய நகத்திருந்தா நான் காலிக்கா."

"வாய மூடு," என்றாள் துறுதுறு. இரண்டு நிறுத்தம் போனபின் அவளால் பொறுக்க முடியவில்லை.

"எந்த யானைடி?"