பேரன்கள் தோண்டாத வீடு

மசாவுக்கோவின் குரலை விட்டுவிட்டு அவனைப் பற்றிப் பேச முடியாது. ஆள் ஒல்லி. பிளான்டயர் நகரத்துக்கு மேலே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த நமிலாங்கோ குடியிருப்பில் பிறந்தவன். இரண்டு ஆளுக்கு வைத்திருந்த தொண்டையை ஆண்டவன் மறதியில் இவன் ஒருவனுக்கே கொடுத்துவிட்டான் என்று ஊரில் சொல்வார்கள். மினிபஸ் நிறுத்தத்தில் நின்று கூவி ஆள் ஏற்றுவது பிழைப்பு.

"லிம்பே, லிம்பே, லிம்பே! ஒரே ஒரு ஆளு! ஏறினா கெளம்பிரும்!"

அந்த ஒரே ஒரு ஆள் ஏறிய பிறகு இன்னும் ஆறு பேரை ஏற்றுவான். வண்டிக்குள் மடிமேல் மடியாக உட்கார்ந்திருப்பவர்கள் அவனைத் திட்டிக்கொண்டே சிரிப்பார்கள். மேலே சரிவில் களி கிண்டிக்கொண்டிருக்கும் அவன் தங்கை ஃபலேசிக்கு அந்தக் கூவல் கேட்கும். "எங்கண்ணன் தொண்ட இன்னிக்கிக் கட்டியிருக்கு, இஞ்சித் தண்ணி வெக்கணும்" என்பாள். சாயங்காலம் அவன் வந்தால் தண்ணீர் தயாராக இருக்கும். தாயும் தகப்பனும் போன பிறகு அவளை வளர்த்தவன் அவன்தான். அவள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தாள். அவள் நர்சு ஆவாள் என்று கேட்டவனிடமும் சொல்வான், கேட்காதவனிடமும் சொல்வான்.

அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குக் கூலி கிடையாது. அந்தப் பக்கத்தில் சாவுக்குக் குழி வெட்டுகிற இளைஞர்களைப் பேரன்கள் என்பார்கள். செத்தது கிழவராக இருந்தாலும் கைக்குழந்தையாக இருந்தாலும் வெட்டுகிறவன் பேரன்தான். சாவு வீட்டுக்காரன் மண்வெட்டியைத் தொடக் கூடாது. அவன் உட்கார்ந்து அழ வேண்டும். பேரன்களுக்குக் கோழி அடித்துப் போட வேண்டும். அவர்கள் கேலி பேசுவார்கள், அபராதம் கேட்பார்கள், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நமிலாங்கோவில் பேரன்களுக்குத் தலைவன் மசாவுக்கோ. அவன் குரல் இருக்கும்போது வேறு யார் தலைவனாக முடியும்?

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும். இதுதான் அந்தச் சரிவின் ஒரே சட்டம். அடுத்தவன் சாவுக்கு வராதவன் தன் வீட்டுச் சாவுக்குப் பேரன்களை எதிர்பார்க்கக் கூடாது. இந்தச் சட்டத்தை மதிக்காதவர் ஒருவர் இருந்தார். பெயர் கம்போஞ்சே. லிம்பேயில் தகரமும் சிமென்ட்டும் விற்கிற கடைக்காரர். சரிவின் உச்சியில் செங்கல் வீடு, சுற்றுச்சுவர், இரும்புக் கதவு. எந்தச் சாவுக்கும் வர மாட்டார், ஒரு கட்டு விறகுகூட அனுப்ப மாட்டார். "கடையை யாரு பாக்கறது?" என்பார். முந்தின வருஷம் அவருடைய தாய் இறந்தபோது பேரன்கள் மண்வெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்கள். "அவரே வந்து கேக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றான் மசாவுக்கோ. கம்போஞ்சே வரவில்லை. டவுனிலிருந்து கூலி ஆட்களைக் கொண்டுவந்து குழி வெட்டிப் புதைத்துவிட்டார்.

காறித் துப்பியிருந்தால்கூட அவர்களுக்கு அவ்வளவு வலித்திருக்காது. "இனிமே அந்த வீட்டுக்கு நம்ம மண்வெட்டி போகாது. எறும்பு வந்து வெட்டட்டும்" என்றான் மசாவுக்கோ. எல்லோரும் சிரித்தார்கள். ஃபலேசி மட்டும் சிரிக்கவில்லை.

"அவரு சம்சாரம் நல்லவங்கண்ணே. போன வாரம்கூட எனக்கு சோப்பு குடுத்தாங்க."

"சோப்பு குடுத்தா? அப்ப நீ அவங்க செத்தா போயி வெட்டு."

"போவேன்" என்றாள் அவள்.

பிறகு அந்தப் புயல் வந்தது. ஃப்ரெடி என்று அதற்குப் பெயர். ஒரு தரம் மொசாம்பிக்கில் அடித்துவிட்டுக் கடலுக்குப் போனது, மறந்துவைத்த குடையை எடுக்க வருகிற விருந்தாளி மாதிரி திரும்பி வந்தது. மலையில் மரம் இருந்திருந்தால் மண்ணைப் பிடித்திருக்கும். மரமெல்லாம் என்றைக்கோ கரியாகி நகரத்து அடுப்புகளுக்குள் போய்விட்டது. அன்று ஓடை நிரம்பி வழி அடைபட்டதால் மசாவுக்கோ கீழேயே மினிபஸ்ஸுக்குள் படுத்துவிட்டான். விடியும்போது வண்டி ஆடுவது போல இருந்தது. வெளியே வந்து மேலே பார்த்தான். நமிலாங்கோ இருந்த இடத்தில் சிவப்பாக, பாறையும் சேறுமாக, ஒரு புது ஆறு நின்றுகொண்டிருந்தது.

மண்வெட்டி, சட்டி, கரண்டி என்று கையில் கிடைத்ததோடு பேரன்கள் வந்து சேர்ந்தார்கள். அரசாங்கத்துத் தொப்பிக்காரர்கள் பிற்பாடு வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த முதல் நாளில் அந்தப் பையன்களைத் தவிர வேறு யாரும் இல்லை. மசாவுக்கோ ஒரு பாறைமேல் ஏறி நின்று ஆட்களைப் பிரித்தான். "நீங்க ரெண்டு பேரு இங்க! டைசன், நீ அந்தப் பக்கம்! கடப்பாரை வேணாம், ஆள் மேல படும்! கையால அள்ளு!" மழை இரைச்சலையும் மீறி அந்தக் குரல் சரிவு முழுக்கக் கேட்டது. தன் வீடு இருந்த இடத்தை அவனே அள்ளினான். "ஃபலேசி! ஃபலேசி!" என்று நடுநடுவே கூப்பிட்டான்.

அப்போது கம்போஞ்சே வந்தார். இரவு கடையிலேயே மாட்டிக்கொண்டவர், லிம்பேயிலிருந்து நடந்தே வந்திருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.

"தம்பி, என் வீடு. என் சம்சாரமும் பையனும் உள்ள இருக்காங்க. நாலு பேர அனுப்பு."

மசாவுக்கோ நிமிரவில்லை. "வரிசை இருக்கு."

"தம்பி, கால்ல வேணும்னாலும் விழறேன்."

"போன வருசம் விழுந்திருக்கணும். டவுன்ல கூலிக்கு ஆள் கெடைப்பாங்களே, கூட்டிட்டு வாங்க."

சொல்லும்போது அது அவனுக்கு நியாயமாகவே பட்டது. வருஷக் கணக்காக ஒருவர் சாவுக்கு ஒருவர் வந்தவர்கள் சேற்றுக்கடியில் இருக்கும்போது, வராதவனுக்கு ஏன் முதலிடம்? அந்தச் சரிவில் யாரைக் கேட்டாலும் அன்றைக்கு அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். டைசன் மட்டும், இத்தனை வருஷம் அவனோடு குழி வெட்டிய கூட்டாளி, கொஞ்ச நேரம் கழித்து வந்து தயங்கி நின்றான்.

"அண்ணே, மேல அந்த வீட்டுப் பக்கம் ஏதோ தட்டற சத்தம் கேக்குது. இரும்புல தட்டற மாதிரி."

"தகரம்டா. மழை பெஞ்சா தகரம் தட்டாம தாலாட்டா பாடும்? போயி வேலையப் பாரு."

டைசன் போனான். சத்தம் மறுபடி கேட்டதா இல்லையா என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று இருட்டுவதற்குள் மசாவுக்கோ தன் வீட்டின் தரையைத் தொட்டுவிட்டான். களிப் பானை இருந்தது, அவளுடைய புத்தகங்கள் சேறாகி இருந்தன. ஃபலேசி இல்லை. அவளுடைய போர்வையும் இல்லை. அவன் மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தான். போர்வையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்றால் தப்பித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்? மறுநாள் தேவாலயம், ஆஸ்பத்திரி, முகாம் ஆக்கப்பட்ட பள்ளிக்கூடம் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கினான். பேரன்கள் மற்ற வீடுகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தவர்களில் உயிரோடு கிடைத்தவர்கள் குறைவு. முகாமில், தலையில் கட்டுப் போட்ட பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி அவனை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஃபலேசியா? கூரை ஒழுகுதுன்னு போர்வையத் தலைல போட்டுக்கிட்டு மேல போனாளே. அந்தக் கடைக்காரரு சம்சாரம் கேட்டத் தெறந்து வெச்சு எல்லாரையும் கூப்பிட்டாங்க, கல்லு வீடு, உள்ள வாங்கன்னு. நாந்தான் போகல."

அவன் ஓடினான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அவன் போட்டுக்கொண்ட மண்ணின் உயரம் என்னவென்று அவனுக்கு அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு அடியிலும் தெரிந்தது. "எல்லாரும் மேல வாங்கடா! எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க!" என்று அலறினான். உச்சியில் கம்போஞ்சே ஒரு சட்டி மூடியால் தனியாகச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். விரல்களில் நகம் இல்லை. இவனைப் பார்த்தார்.

"வரிசை வந்துருச்சா?" என்று கேட்டார்.

முன்னறையில் அவருடைய மனைவியும் ஒரு வயதான தம்பதியும் பாறைக்கு அடியில் செத்துக் கிடந்தார்கள். பின்னறைக் கதவு இரும்பு. அதை நெம்பித் திறக்க நேரமாயிற்று. ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில், மார்பளவு சேற்றில், ஃபலேசி சுவரோடு சாய்ந்திருந்தாள். அவளுக்கு மேலே ஜன்னல் திண்டில், அவளுடைய போர்வை சுற்றி, கம்போஞ்சேயின் நாலு வயது மகன் யோனா. அவனுக்கு மூச்சு இருந்தது. அவளுக்கு இல்லை. கையில் ஒரு எனாமல் குவளை இருந்தது. குவளையின் விளிம்பு நசுங்கியிருந்தது.

டைசன் அவளைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மசாவுக்கோவின் தோளைப் பிடித்தான்.

"உடனே போயிட்டாண்ணே. மண்ணு வந்ததும் போயிட்டா. கஷ்டப்படல."

எத்தனையோ பிணங்களைத் தூக்கியவன் மசாவுக்கோ. எது எப்போது செத்தது என்று தொடாமலே சொல்லக்கூடியவன். ஆனாலும், "ஆமாடா, உடனே போயிட்டா" என்றான். குவளையை அவன் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டான்.

அடக்கத்தன்று அவன் சாவு வீட்டுக்காரன். மண்வெட்டியைத் தொடாமல் உட்கார வேண்டும். அவனுக்குப் பக்கத்தில் கம்போஞ்சே உட்கார்ந்திருந்தார், அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஊராரோடு ஒரே பாயில். பேரன்கள் வரிசையாகக் குழிகள் வெட்டினார்கள். கேலி பேசவில்லை, கோழி கேட்கவில்லை. மசாவுக்கோ அவர்கள் கேட்பார்கள் என்று காத்திருந்தான். கடைசியில் அவனே, "அபராதம் போடுங்கடா, எம்மேல போடுங்க" என்றான். ஒருவரும் தலை நிமிரவில்லை. கம்போஞ்சே அவன் முழங்கால்மேல் கையை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார்.

பிறகு முகாம்தான் வீடு. காலரா வந்துவிடும் என்று பேரன்கள் அங்கே கக்கூஸ் குழி வெட்டினார்கள், தண்ணீர் சுமந்தார்கள், பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சினார்கள். சடலக் குழி வெட்டிய அதே மண்வெட்டிகள். மசாவுக்கோ எல்லோரையும்விட அதிகமாக வேலை செய்தான். ஆனால் வாயைத் திறக்க மாட்டான். அடக்கத்துக்குப் பிறகு அவன் ஒரு சொல்லைக்கூட உரக்கச் சொன்னதில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்று கையைக் காட்டுவான். "உடனே போயிட்டா" என்பது மட்டும் அவனுக்குள் ஜெபம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் தூங்கினான், எழுந்தான்.

யோனாவும் ஆஸ்பத்திரியிலிருந்து முகாமுக்கு வந்துவிட்டான். அவனும் பேசுவதில்லை. தகப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பான்.

ஒரு நாள் காலையில் கஞ்சி வரிசையில் தள்ளுமுள்ளு. கொதிக்கிற அண்டா சாய்ந்தது. பக்கத்தில் சின்னப் பிள்ளைகள். மசாவுக்கோ யோசிக்கவில்லை.

"பின்னாடி போங்க! எல்லாரும் பின்னாடி!"

அந்தப் பழைய குரல் பள்ளிக்கூடம் முழுக்க அதிர்ந்தது. கூட்டம் விலகியது. டைசனும் இன்னொருவனும் அண்டாவைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது மூலையிலிருந்து யோனா எழுந்து ஓடி வந்தான். அவன் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. நேராக வந்து மசாவுக்கோவின் கால்சட்டையைப் பிடித்தான்.

"நீதான் அந்த அண்ணனா?"

"எந்த அண்ணன்?" என்று டைசன் அவசரமாகக் குறுக்கே வந்தான். "வாடா கண்ணு, கஞ்சி குடிக்கலாம்."

யோனா விடவில்லை. "ஃபலேசி அக்காவோட அண்ணன். வெளிய கத்திக்கிட்டே இருந்தியே. அக்கா சொன்னா, எங்கண்ணன் சத்தம் கேக்குது பாரு, பக்கத்துல வந்துட்டான், அழாதேன்னு. டம்ளரால தட்டினா. நாந்தான் கை வலிக்குதான்னு கேட்டேன். இல்லன்னா. அப்புறம் இருட்டாச்சு, நீ கத்தவே இல்ல. அண்ணன் தூங்கப் போயிட்டான், காலைல வருவான்னு சொன்னா."

கம்போஞ்சே பின்னால் வந்து நின்றிருந்தார். மகன் பேசிவிட்டான் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் ஏறியது, வார்த்தைகள் காதில் விழ விழ அப்படியே இறங்கியது. பையனைத் தூக்கக் குனிந்தார். மசாவுக்கோ தலையை அசைத்து வேண்டாம் என்றான். அவன் மண்டியிட்டான். முகம் பையனின் முகத்துக்கு நேராக வந்தது.

"அக்கா வேற என்னா சொன்னா?" அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"உனக்கு இஞ்சித் தண்ணி வெக்கணும்னா." யோனா அவன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தான். "இன்னொரு தடவ கத்து."

"எதுக்குடா?"

"அக்காவுக்குக் கேக்கட்டும். நீ வந்துட்டன்னு தெரியட்டும்."

முகாமில் இருந்தவர்கள் தட்டும் கிண்ணமுமாக நின்று பார்த்தார்கள். மசாவுக்கோ எழுந்தான். சரிவு இருந்த பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தபோது அவனுக்கு வேறு எந்த வார்த்தையும் வரவில்லை.

"லிம்பே, லிம்பே, லிம்பே!" என்று கூவினான். "ஒரே ஒரு ஆளு! ஒரே ஒரு ஆளு!"