டீசலா பெட்ரோலா, நைனாவ கேளு

இந்த ஊர்ல பொழுது சாஞ்சா மாட்டை கொட்டாய்ல கட்டற மாரி வண்டியக் கட்டிப் போடறாங்க. கவுத்தால இல்ல, ஒயரால. வண்டி மூஞ்சில மூக்கணாங்கவுறு கணக்கா ஒரு ப்ளக்கு தொங்குது. அத்த இஸ்துகினு போயி செவுத்துல கீற கரண்ட்டுல சொருவிடறாங்க. வந்த புதுசுல பாத்துட்டு, "இன்னாடா பாபு, செல்லுக்கு சார்ஜ் போடற மாரி வண்டிக்குப் போடறானுங்க"ன்னு கேட்டேன். "குளுர்ல இஞ்சின் வெறச்சிடும்மா, சூடு காட்டணும். அதுவும் டீசல் வண்டின்னா கண்டிப்பா காட்டணும், இல்லாங்காட்டி டீசலே கூழாயிடும்"ன்றான் எம்புள்ள. டீசல் கூழாவுமா! தாம்பரத்தாண்ட பீர்க்கன்கரணைல டீசல் நாத்தத்துலயே வாக்கப்பட்டு, டீசல் நாத்தத்துலயே புள்ள பெத்தவ நானு. எங்கூரு வெயில்ல டேங்க்கு மூடியத் தொட்டா கை பொத்துப் பூடும். இங்க இன்னாடான்னா வண்டிக்கு ஜல்பு புடிச்சிடுமாம், அடுப்பு வெக்கிறானுங்க. மனுசனுக்கு இன்னா வெக்கிறானுங்கன்னு மட்டும் கேக்காதீங்க. எனக்குக் கெடச்சது ரெண்டு சொட்டரு, ஒரு கொரங்கு குல்லா.

தாம்பரம் பக்கம் ஃபேனுக்குக் கீய குந்திகினு இத்தப் படிக்கிறவங்களுக்கும், என்ன மாரி பேரப்புள்ள பாத்துக்கறதுக்குன்னு பிளேன்ல ஏத்தி இட்டாரப்பட்ட கெழவிங்களுக்கும் சேத்துதான் சொல்றேன். கனடாவுல கால்கரின்னு ஊரு. எம்மருமவ ரேகா கேளம்பாக்கத்துப் பொண்ணு. இங்க ஒரு முதியோர் இல்லத்துல நைட்டு டூட்டி பாக்குறா. கூத்தப் பாருங்க, அவ போயி வெள்ளக்காரக் கெழவியப் பாத்துக்கறா, அவ புள்ளயப் பாத்துக்க தாம்பரத்துக் கெழவி வந்துகீறேன். தாம்பரத்துக் கெழவனப் பாத்துக்கத்தான் ஆளில்ல. ஒருக்கா எங்கூட்டுக்காரரும் கூட வந்தாரு. கம்பளத்து மேல நடந்துட்டு கதவத் தொட்டா சுருக்குனு ஷாக்கு அடிக்கும் இங்க. "இன்னாமே ஊரு இது, பேத்தியத் தூக்கினா கூட கரண்ட்டு அடிக்குது"ன்னு பேஜாராயி, இருமிகினே திரும்பிப் பூட்டாரு. இனிமே பிளேன் ஏற மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. தெனம் எனக்குக் காலைல, அவருக்கு ராத்திரில, வீடியோ போடுவாரு. மூஞ்சி தெரியாது, கூரைல சுத்தற ஃபேன்தான் தெரியும். "இன்னாயா துன்ன?"ன்னு கேட்டா, "ஜாலியா துன்னேன்"னுவாரு. இன்னா துன்னாருன்னு மட்டும் வாய்ல வராது. அவருக்கு சக்கர வேற கீது. பொங்கலுக்கு வந்துடறேன்யான்னு சொல்லி வெச்சிருந்தேன். "வந்தா வா, வராட்டி போ"ன்னாரு. அந்த மனுசன் பாசையில அதுக்கு அர்த்தம், சீக்கிரம் வான்னு.

அந்த நேரத்துலதான் பாபுக்கு பிக்கப்பு ஆசை வந்துச்சி. பிக்கப்புன்னா நம்ம குட்டியானை மாரி சொங்கி வண்டி இல்ல. முன்னால பங்களா, பின்னால மொட்ட மாடி. அதும் பின்னால டிரெய்லரு மாட்டி இழுக்கணும். இவன் ஒரு குடோன்ல சம்பளத்துக்கு வேல செய்றவன். சொந்தமா வண்டி வாங்கி லோடு அடிக்கணும்னு கொதிச்சிகினு இருந்தான். அப்பன் புத்தி, ரத்தத்துல கீது. ஒரு ஆளு, குட்டி பொக்லைனுங்கள வாடகைக்கு விடறவன், மலப் பக்கத்து ஊருங்களுக்கு அதுங்கள கொண்டு போயி உட்டுட்டு எடுத்தாரதுக்கு இவன்கிட்ட பேசிட்டான். பாபுவும் சரின்னு கை குடுத்துட்டான். இப்ப கேள்வி, டீசலா பெட்ரோலா. இங்க பெட்ரோலுக்கு கேஸுன்னு பேரு. நான் மொதல்ல சிலிண்டரத்தான் நெனச்சேன், அது வுடுங்க.

சமாச்சாரம் இதான். பெட்ரோல் வண்டி வெல கம்மி, ரிப்பேருக்கு செலவு கம்மி, குளுர்லயும் சாவி போட்டதும் கெளம்பிடும். பக்கத்துல கீற ஊருக்கு சின்னச் சின்ன லோடுக்குப் போதும். டீசலு வெல ஜாஸ்தி, செல்லம் ஜாஸ்தி. ஆனா பாரத்த அசால்ட்டா இழுக்கும், வருசக் கணக்கா ஒழைக்கும். அதுல ஒண்ணு, இப்ப வர்ற டீசலுக்கு சும்மா கடைக்குப் போயிட்டு வந்தா பொகக் கரி சேந்து தொண்ட அடைச்சிக்குமாம், தூரமா ஓடிகினே இருக்கணுமாம். இதுல எனக்கு இன்னா வந்துச்சின்னா, பெட்ரோல் வாங்கினா இவன் பக்கத்து லோடுதான் ஜாஸ்தி எடுப்பான், ராத்திரி வூட்டுல இருப்பான், புள்ளயப் பாத்துப்பான், ரேகா டூட்டிக்குப் போவா, நான் தைக்கு ஊருக்குப் போவேன். டீசல் வாங்கினா நாலஞ்சி நாளு மலையிலயே கெடப்பான். நான் இங்கயே கெடப்பேன். ரேகா பாத்திரம் கழுவிகினே சொன்னா, "அத்தை, நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா அவரு டீசல் வாங்கினா உங்க டிக்கெட்ட தள்ளித்தான் போடணும். கோச்சிக்காதீங்க." நல்ல பொண்ணு. கத்தியக் கூட தொடச்சிட்டு வெப்பா.

வண்டி பாக்க என்னையும் இட்டுகினு போனான். ஷோரூம்காரன் செவப்பு தாடி வெச்ச ஆளு, ஆறடிக்கு மேல. ஒவ்வொரு வண்டியையும் பெத்த புள்ள மாரி தடவிகினே பேசறான். எனக்கு அந்தப் பேச்சு வோணாம், வண்டிதான் வோணும். பின்னால குனிஞ்சி சைலன்சருக்குள்ள வெரல வுட்டேன், கரி கீதான்னு. மோந்து பாத்தேன். எனக்கு மயக்கம்னு நெனச்சி ஓடியாந்து நாற்காலி போட்டுட்டான் பாவம். தண்ணி பாட்டில் வேற. தண்ணியக் குடிச்சிட்டு, மெதுவா நாற்காலி மேல ஏறி, அங்கேருந்து வண்டியோட மொட்ட மாடில ஏறிட்டேன். ஏறி நின்னு குதிச்சிப் பாத்தேன். அடியில கீற கமான் பட்ட, அதான் ஸ்பிரிங்கு, எவ்ளோ தாங்குதுன்னு பாக்கணுமில்ல? அந்தாளு "மேடம், மேடம்"னு ரெண்டு கையையும் விரிச்சிகினு கீழ நிக்கிறான், நான் வுயுந்தா புடிக்கறதுக்கு. "டேய் பாபு, பயப்பட வேணாம்னு சொல்லுடா"ன்னேன். இவன் இன்னா சொன்னானோ, அந்தாளு என்னப் பாத்து கும்புடு போட்டான். அப்பறம் கேட்டா, "எங்கம்மா ஊர்ல பெரிய டிரான்ஸ்போர்ட்டு கம்பெனி நடத்தினவங்கன்னு சொன்னேம்மா"ன்றான். எங்க கம்பெனி ஒரே ஒரு மினி லாரி. அதுக்கும் செல்ஃபு எடுக்காது, நான்தான் தெரு ஆளுங்கள கூப்புட்டு தள்ளுவேன்.

அந்த மினி லாரியப் பத்தி சொல்லணும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனிங்கள்ல இரும்புச் சாமான் எத்திகினு எங்கூட்டுக்காரரு ஊரு ஊராப் போவாரு. டீசல் வண்டி. பெட்ரோல் வண்டியக் கண்டா அவருக்கு எளக்காரம். "பெட்ரோலு சீமாட்டிமே, ஒரு தூத்தல் வுயுந்தா மூக்க ஒறிஞ்சிகினு குந்திக்கும்"னுவாரு. ஒரு மழைல எங்க ஏரி ரொம்பி ரோட்டுக்கு வந்துட்டுது. முடிச்சூர் பக்கம் இடுப்பளவு தண்ணி. ரோட்டுல நின்ன காருங்க எல்லாம் செத்த எரும மாரி கெடக்குது. இவரு மட்டும் ஏர் ஃபில்டர் வாய்க்கு உசரமா குழா கட்டிட்டு, லாரிய எறக்கிட்டாரு. நான் பின்னால கொயந்தயும் குண்டானுமா குந்திகினு கீறேன், தெருவே எங்கூட குந்திகினு கீது. நடுவுல ஒரு காரு, உள்ள ஆபீசர் சாரு, கால சீட்டு மேல தூக்கி வெச்சிகினு. "சார், கவுறு போடட்டா?" "போடுப்பா, சீக்கிரம்!" கவுத்தக் கட்டி இழுக்க சொல்லோ எங்கூட்டுக்காரரு தலைய வெளிய நீட்டி கேட்டாரு, "சார், இன்னா வண்டி, பெட்ரோலா?" அந்த சாரு நனஞ்ச கோழி கணக்கா தலைய ஆட்டினாரு. பெருங்களத்தூர் மேடு வரைக்கும் சிரிச்சிகினே இழுத்துகினு வந்தாரு மனுசன். அதுக்கப்பறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தக் கதையச் சொல்லாம சோத்துல கை வெக்க மாட்டாரு.

அதான் பாபு சொன்னான், "மா, நைனாவ கேளு. நைனா சொன்னா கண்ண மூடிகினு வாங்கிடுவேன்." நீயே கேளேண்டான்னா, "நான் கேட்டா ஒரு மணி நேரம் லெக்சரு எடுப்பாரு, நீயே கேளு"ன்னுட்டான். எனக்கு சிரிப்பு. இன்னா சொல்லுவாருன்னு தெரியாதா? கேக்காமயே டிக்கெட்ட தள்ளிப் போட்டுக்கலாம்னு நெனச்சிகினே போனப் போட்டேன். ஃபேன் சுத்திகினு கீது. வெவரத்த எல்லாம் சொன்னேன். ரெண்டு வண்டி, பொக்லைனு, மலை, புள்ளயப் பாத்துக்க ஆளு, தை மாசம், எல்லாம்.

ஃபேனுக்குக் கீய அவரு பொரண்டு படுக்கற சத்தம் கேட்டுச்சி.

"இன்னாயா, தூங்கிட்டியா?"

"பெட்ரோலே வாங்கச் சொல்லு."

"இன்னாது?"

"பெட்ரோலுதாம்மே. இப்ப வர்ற பெட்ரோல் இஞ்சினு எல்லாம் முன்ன மாரி இல்ல. நல்லா இழுக்குதாம். அவனுக்கு அது போதும்."

"யோவ், நீயா பேசற? பெட்ரோலு சீமாட்டின்னியே?"

"அது அந்தக் காலம். உன் வேலையப் பாத்துகினு வந்து சேரு."

போன வெச்சிட்டாரு. நான் சோபால குந்திட்டேன். இத்தினி வருசத்துல அந்த மனுசன் என்ன ஒரு நாளு தேடறேன்னு வாயத் தொறந்து சொன்னதில்ல. எனக்கு காய்ச்சல் வந்தா கூட, "அங்க இன்னா படுத்துகினு கீற"ன்னுதான் கேப்பாரு. தனியா குந்திகினு, கூரையக் காட்டிகினு, காலம் பூரா சத்தியம் மாரி சொல்லிகினு இருந்ததையே மாத்திச் சொல்லிட்டாரு. எம்மாஞ் சோறு ஆறிப் போயி கெடந்தா அந்த வாயில பெட்ரோலுன்னு வரும்? சிரிக்கலாம்னு பாத்தேன். சிரிப்பு வரல.

மறுநாளு உப்புமா துன்னுகினே பாபு கேட்டான், "நைனா இன்னா சொன்னாரு?"

வாய் வரைக்கும் வந்துச்சி. ஒரு வார்த்த, அது பொய்யி கூட இல்ல. அவரு சொன்னதுதான். சொன்னா நான் தைக்கு வூட்ல இருப்பேன். ஆனா நான் லாரிக்காரன் பொண்டாட்டி. ஏத்தத்துல பாரத்த இழுக்கறது பெருசில்ல, எறக்கத்துல பின்னால கீற பாரம் தள்ளிகினு வர்றத புடிச்சி நிறுத்தறதுதான் வண்டிக்கு ஆம்பளத்தனம். செவப்பு தாடி சொன்னத பாபு எனக்குச் சொல்லி இருந்தான், அந்த டீசல்ல எறக்கத்துக்குன்னே தனியா ஒரு பிரேக்கு கீதாம், இஞ்சினே வண்டியப் புடிச்சிக்குமாம். பெட்ரோலுன்னு நான் சொன்னா இவன் பொக்லைன வோணாம்னுடுவானா? கை குடுத்துட்டானே. அதையும் கட்டிகினு, பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடலாம்னு அதே மலைக்குத்தான் போவான். ஐஸ் ரோட்டுல, பின்னால இரும்பு மலை, முன்னால பள்ளம். நான் பீர்க்கன்கரணைல ரசஞ்சோறு பெசஞ்சிகினு, இவனுக்கு இன்னா ஆச்சோன்னு குந்திகினு இருக்கணும்.

"டீசலுதான்னாரு"ன்னேன்.

"அதான பாத்தேன். நைனா வேற இன்னா சொல்லுவாரு?"ன்னு சிரிச்சான். இன்னும் கொஞ்சம் உப்புமா போட்டுக்கினான்.

வண்டி வூட்டுக்கு வந்த அன்னைக்கு டயருக்குக் கீய எலுமிச்சம்பழம் வெச்சேன். நசுங்கற சத்தம் கேக்கும்னு பாத்தா, பழம் அப்டியே பனியில அமுங்கிப் பூட்டுது. சாமி கூட இந்த ஊர்ல கொஞ்சம் கொழம்பித்தான் கீது. பாபு உள்ள பூட்டான், இஞ்சின் ஓடிகினு கீது. நான் போனப் போட்டேன்.

"யோவ், டீசலே வாங்கிட்டான்."

"நான் இன்னா சொன்னேன்?"

"பெட்ரோலுன்ன."

"அப்பறம்?"

"மலை எறக்கம்யா. பின்னால பொக்லைனு."

ஃபேன் சுத்துது. அவரு கணக்குப் போடறாருன்னு எனக்குத் தெரியும். பாரம் எவ்ளோ, சரிவு எவ்ளோன்னு. அந்தக் கணக்குல நான் வர மாட்டேன், வரவும் கூடாது.

"சரிதாம்மே"ன்னாரு. "அதான் சரி." அப்பறம் தொண்டையக் கனைச்சிகினு, "பொகைய சுத்தம் பண்ற யூரியா தண்ணிய தனி டேங்க்குல ஊத்தறத மறந்துடப் போறான், சொல்லி வெய்யி. அது இல்லாங்காட்டி இந்தக் கால டீசலு மூச்சு வுடாது."

"பொங்கலுக்கு நீ எங்கயா துன்னுவ?"

"ஏன், ஊர்ல ஓட்டலே இல்லியா? வுடு. அது ஓடுதா இப்ப? காட்டு, சத்தத்தக் கேக்கறேன்."

பானட்டு மேல போன நீட்டினேன். கீயருந்து சூடு குப்புனு ஏறி உள்ளங்கையில ஒறைக்குது, நம்ம ஊரு சித்திர வெயில் மாரி. காலு ரெண்டும் மொழங்கால் வரைக்கும் பனியில, மரத்துப் போயி எங்கிட்ட இருக்குதான்னே தெரியல. போனுக்குள்ள அவரு மூச்சு மட்டும் கேக்குது, அதுக்குப் பின்னால பெருங்களத்தூர்ல எதுவோ ஒரு ரயிலு கூவிகினு போவுது.

வாசல்லேருந்து பாபு கத்தினான், "மா, இன்னா பண்ற அங்க? டீசலு வீணாவுது, ஆஃப் பண்ணு!"

"இருடா"ன்னேன். "உங்க நைனா கேட்டுகினு கீறாரு."