டவரை விட்டுப் போகாத போன்

ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் பேசிக்கொண்டே போகிறவரின் போன், வழியில் ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குக் கைமாறும். பேச்சு அறுபடக் கூடாது. அந்தக் கைமாற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் நிரலில் ஒரு பகுதியை, வேலைக்குச் சேர்ந்து முதன்முறையாக, நான் தனியாக எழுதியிருந்தேன். அதைத் துண்டு துண்டாகச் சரிபார்க்க, யூனிட் டெஸ்ட் என்கிற குட்டிச் சோதனைகள் நாற்பது. நிஜ டவரும் கிடையாது, நிஜ போனும் கிடையாது. எல்லாம் லேப்டாப்புக்குள் நடக்கும் பொம்மை விளையாட்டு; பாஸானால் திரையில் பச்சை, ஃபெயிலானால் சிவப்பு. அதில்கூட பதினெட்டாவது டெஸ்டில் தோற்றுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம், ஆம்பூரில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை, சென்னையிலிருந்து டீம் லீடர் மேடம் போனில் கூப்பிட்டார்.

“அஞ்சு மணிக்குள்ள நாப்பதும் பச்சையாகலன்னா உங்க பார்ட்டை இந்த ரிலீஸ்ல சேர்க்க மாட்டேன்.”

“சின்ன விஷயம்தான் மேடம், முடிஞ்சிடுச்சு” என்றேன். அது என்ன விஷயம் என்றே எனக்குத் தெரியாது.

பதினெட்டாவதைத் தனியாக ஓட்டினால் பச்சை. நாற்பதையும் சேர்த்து ஓட்டினால் அது மட்டும் சிவப்பு. காலியாக இருக்க வேண்டிய டவரில் ஒரு போன் இருக்கிறது என்று புகார். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். போன் கைமாற எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கணக்கு வைக்கும் டைமருக்கு இரண்டு விநாடி கூட்டிக் கொடுத்தேன். கடைசியில், டைமரை எழுதிய சக ஊழியர்மேல் பழியைப் போட்டு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். என் ஆங்கிலத்தை நானே திருத்தி முடிப்பதற்குள் மூன்றரை ஆகிவிட்டதால் மெயிலை அனுப்பவில்லை; அவர் தப்பித்தார்.

என் மனைவி ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வெள்ளிதான் அவர்களுக்கு வார விடுமுறை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே என் புலம்பலைக் கேட்டாள்.

“இன்னாங்க, தனியா ஓட்னா பாஸு, வரிசையா ஓட்னா ஃபெயிலா?”

“ஆமாம்மா, பேஜாரா இருக்கு.”

“பதினேழாவது முடிஞ்சதும் டேபிளைக் காலி பண்ணீங்களா?”

“எந்த டேபிளு?”

“எங்க லைன்ல எட்டாம் நம்பர் சைஸ் முடிஞ்சா டேபிளு, டப்பா, தரை எல்லாம் தேடி, ஒரு பீஸ் கூட மிச்சம் இல்லன்னு கையெழுத்துப் போட்டாத்தான் ஒம்பதாம் நம்பரை ஏத்துவோம். இல்லன்னா ஒரு கால் எட்டு, ஒரு கால் ஒம்பதுன்னு பொட்டில போய்டும்.”

“இது ஷூ இல்ல, சாஃப்ட்வேர்” என்று விளக்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் மூடவில்லை. பதினேழாவது டெஸ்டில் ஒரு போனை அந்த டவரில் ஏற்றிவிட்டவன் நானேதான். எல்லா டெஸ்டுக்கும் ஒரே டவர் பட்டியல். டெஸ்ட் முடிந்ததும் அதை யாரும் துடைப்பதில்லை. பழைய போன் அங்கேயே குந்திக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு டெஸ்டுக்குப் பிறகும் பட்டியலைக் காலி செய்ய மூன்றே வரி எழுதினேன். ஓட்டினேன். நாற்பதும் பச்சை! மணி நாலே முக்கால். நான் குதித்த குதியில் சார்ஜர் பிடுங்கிக்கொண்டு வந்தது.

மேடத்துக்குப் போன் போட்டேன். “ஆழமா ஆராய்ஞ்சு பாத்ததுல மேடம், ஒரு டெஸ்டோட மிச்சம் அடுத்த டெஸ்டுக்குப் போகுதுன்னு கண்டுபிடிச்சேன்.”

“ஆராய்ஞ்சது யாருன்னும் சொல்லுங்க!” என்று வெண்டைக்காய்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

மேடம் சிரித்துவிட்டார். “அவங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லுங்க. உங்க பார்ட் ரிலீஸ்ல போகுது.”

சந்தோஷம் தாங்காமல் நாற்பதையும் ஆபீஸ் சர்வரில் மறுபடி ஓட்டினேன். பச்சை. இன்னொரு தடவை. பச்சை. ஏழாவது தடவையில் மேடத்திடமிருந்து செய்தி வந்தது: “பாஸாயிடுச்சு, நம்புறேன். சர்வரை விடுங்க, பின்னாடி ஆளுங்க வெயிட் பண்றாங்க.”