பச்சைமலை ஓடையில் என் கொரம்பு

கரட்டுப் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். துறையூரில் அரிசி மில் போட்டேன். ஸ்ரீரங்கத்தில் மாடி வீடு எழுப்பினேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எந்த இன்ஜினீயரையும் கேட்டதில்லை. இத்தனையிலும் பெரிது, பச்சைமலைக் காட்டோரம் ஓடையின் குறுக்கே நான் கட்டிய கொரம்பு என்கிற தடுப்பணைதான்.

கோடையில் ஓடை வற்றினால் மான்கள் தண்ணீர் தேடி இறங்கி என் கடலைக்காட்டை மேய்ந்துவிடும். வேலி நிற்கவில்லை. தண்ணீரை மேலேயே நிறுத்தினால் மான் ஏன் கீழே வரப்போகிறது? இளவயதில் ஜீயபுரத்தில் கூலிக்கு இருந்தபோது, ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்ப மூங்கிலும் தழையும் களிமண்ணும் வைத்துக் கொரம்பு போடுவோம். அதையே இங்கே பாறாங்கல்லில் போட்டேன். சிமெண்ட் ஒரு சட்டிகூட இல்லை. சிமெண்ட் விறைத்து நின்று மலைவெள்ளத்தில் வெடிக்கும். கல்லும் கல்லும் கவ்விக்கொண்டால் அசைந்து கொடுக்கும். இடுக்கில் நொச்சி நட்டேன், வேர் பிடித்துக்கொண்டது.

போன ஆடியில் மனைவியோடு அங்கே போனேன். கொரம்புக்குப் பின்னால் கழுத்தளவு தண்ணீர். கரையில் புதிதாக ஒரு பலகை: 'இயற்கைச் சுனை'.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே நின்ற இளம் காட்டுக் காவலரிடம், "தம்பி, இது நான் கட்டினது" என்றேன்.

அவர் சிரித்தார். "கல்லெல்லாம் தானா உருண்டு வந்து கிடக்கு. இதுல எங்கங்க கட்டினீங்க?"

"அதான்யா வேலை!"

மனைவி விடவில்லை. "வீட்டுல ஆணி அடிச்சாலே தெரு பூரா சொல்லுவீங்க. இதை மட்டும் எப்படிச் சொல்லாம இருந்தீங்க?"

"சொன்னேனே. எவன் நம்பினான்?"

நடுக்கல்லில் என் கடப்பாரை விழுந்த வடுவைக் காட்டினேன். காவலர் தடவிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"வெளிய சொல்லிடாதீங்க ஐயா. எல்லைக்கல்லு உங்க கொரம்புக்குக் கீழ இருக்கு. இது ரிசர்வ் காடு. மனுஷன் கட்டினதுன்னு தெரிஞ்சா ஆக்கிரமிப்புன்னு பிரிச்சு எறியச் சொல்லுவாங்க. தானா வந்ததுன்னாதான் நிக்கும்."

காட்டுக்கு வெளியே என்று நினைத்தல்லவா கட்டினேன்! எந்த வெள்ளமும் அசைக்காததை என் வாய் உடைத்துவிடுமா? இறங்கும் வழியெல்லாம் நான் பேசவில்லை. அதற்கே மனைவி பயந்துபோய், "மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

அந்த அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டு சாகிற ஆள் நான் இல்லை. வனத்துறை ஐயாமார்களே, கொரம்பில் ஒரு கல்லைத் தொடாதீர்கள், மான் குடிக்கட்டும். கேஸ் போடுவதானால் என்மேல் போடுங்கள், வருகிறேன். பலகையை மட்டும் திருத்துங்கள். பேர்கூட வேண்டாம், 'கடலை விவசாயி ஒருவன் கட்டியது' என்று எழுதுங்கள். மலை முழுவதும் இயற்கையே வைத்துக்கொள்ளட்டும். இந்தக் கொரம்பு என்னுடையது.