மஞ்சள் தூள் மேல் போட்ட பழி

ஒரு லாரி இன்ஜினைக் கெடுத்தவன் நான். அதற்கான பழியைச் சுமந்து வேலையை இழந்தவர் டிரைவர் அர்த்தனாரி. உண்மை எனக்கு அன்றைக்கே தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இவ்வளவு படித்த மனிதனா இப்படிச் செய்தான்' என்று கடைசியில் நீங்கள் வியக்க வேண்டியதில்லை. படித்திருந்ததால்தான் அவ்வளவு சுத்தமாகச் செய்ய முடிந்தது.

1. கெமிஸ்ட்ரி சார்

எழுபதுகளின் நடுவில் நாமக்கல்லில் ஒரு லாரி ஷெட்டில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். பதினோரு வண்டிகள். முதலாளி பெரியசாமி தானே ஸ்டியரிங் பிடித்து முன்னுக்கு வந்தவர். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன் ஒருவன் இருந்தால் ஷெட்டுக்குக் கௌரவம் என்று அவர் நினைத்தார். நானும் அதையேதான் நினைத்தேன். ஸ்பேனர் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை மெக்கானிக்கைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 'கெமிஸ்ட்ரி சார்' என்ற பட்டம் மட்டும் முதல் நாளே கிடைத்தது.

அந்தக் காலத்தில் ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீர்தான். டிரைவர்கள் மோகனூர்ப் பக்கம் போனால் காவிரித் தண்ணீரைக் கேனில் பிடித்து வந்து ஊற்றுவார்கள். மழை பெய்தால் ஷெட் தகரத்துக்கு அடியில் டிரம் வைப்பார்கள். ரேடியேட்டர் கசிந்தால் ஒரு பொட்டலம் மஞ்சள் தூளைப் போடுவார்கள். அது ஊறி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், அடுத்த ஊர்வரை வண்டி போய்விடும். இதையெல்லாம் நான் ஒரு சின்னச் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கன்னத்தில் அறையலாம் போல இருக்கிறது.

2. லேபிளின் கடைசி வரி

எண்பதுகளின் தொடக்கத்தில், ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலண்ட் வந்தது. பச்சை நிறம், இனிப்பு வாசனை. கொண்டுவந்த ஆள் சொன்னதெல்லாம் உண்மைதான். துருப் பிடிக்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது, பிஸ்டன் ஓடும் லைனர் பழுதாகாது. லேபிள் இங்கிலீஷில் இருந்ததால் அதைப் படித்து விளக்கும் பெருமை எனக்கு வந்தது. முதலாளியையும் டிரைவர்களையும் நிற்கவைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன்.

கடைசி வரி இதுதான்: உப்பில்லாத தண்ணீரில் மட்டுமே கலக்கவும்.

ஷெட்டில் இருந்தது போர்த்தண்ணீர். முதலாளி பூஜை போட்டு, ரிக் வைத்து, முந்நூறு அடி இறக்கிய போர். வருகிற ஆளுக்கெல்லாம் ஒரு சொம்பு கொடுத்து, "எப்படீங்க நம்ம தண்ணி?" என்று கேட்பார். குடித்தவர் முகம் சுளித்துக்கொண்டே நல்லா இருக்கிறது என்பார். அந்தத் தண்ணீர் ரேடியேட்டருக்கு ஆகாது என்று அவரிடம் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அது எங்கள் கல்லூரிப் பாடத்திட்டத்தில் இல்லை.

அர்த்தனாரிதான் கேட்டார். வெண்ணந்தூர்க்காரர், எங்கள் ஷெட்டிலேயே மூத்த டிரைவர்.

"சார், இந்தத் தண்ணியில பருப்பே வேகறதில்லீங்க. வண்டிக்கு எப்படீங்க ஆகும்? நான் மழைத்தண்ணி வெச்சிருக்கேனுங்க, அதுல கலந்துக்கலாமுங்களா?"

"அர்த்தனாரி, பி.எஸ்ஸி. படிச்சது நீயா, நானா?"

"நீங்கதானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். போர்த்தண்ணீரில் கூலண்டைக் கலந்து பதினோரு வண்டிக்கும் ஊற்றினோம். கலந்த டிரம்மின் அடியில் மறுநாள் திரிந்த பால் போல வெள்ளையாக ஏதோ தங்கியிருந்தது. கூலண்டில் இருக்கும் மருந்தும் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தால் அப்படித்தான் திரியும். பார்த்தவுடனே எனக்குப் புரிந்தது. டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன்.

3. தொப்பூர்

அர்த்தனாரியின் வண்டிதான் எல்லா வண்டியையும்விட அதிகம் ஓடும். அதனால் அதன் ரேடியேட்டர்தான் முதலில் அடைத்துக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து, சேலத்தில் ஜவ்வரிசி லோடு ஏற்றிப் பம்பாய் போக வேண்டிய காலையில் என்னிடம் வந்தார்.

"சார், டெம்பரேச்சர் முள்ளு ஏறுதுங்க. ரேடியேட்டரை ஒருக்கா இறக்கிப் பாத்துட்டுப் போலாமுங்களா?"

"கேஜ் பழசு. கூலண்ட் ஊத்தின வண்டி சூடாகாது. நீ கிளம்பு."

"சரீங்க சார். போயிட்டு வாரேனுங்க."

அந்த டிரிப் அவருக்குச் சாதாரண டிரிப் இல்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பல வருடம் ஒழுங்காக ஓட்டிய டிரைவருக்கு முதலாளி ஒரு பழைய வண்டியைக் கைமாற்றிக் கொடுப்பார். ஓட்டி ஓட்டிக் கடனைக் கழித்தால் டிரைவரும் ஒருநாள் ஓனர். பெரியசாமியும் அப்படி வந்தவர்தான். பம்பாய் போய்த் திரும்பியதும் அர்த்தனாரிக்கு வண்டி என்று அவர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து, அடித்தட்டின் பற்றவைப்பு விட்டுக் கசியத் தொடங்கியது. மூன்று இடத்தில் நிறுத்தி ஆறவைத்திருக்கிறார். கசிவுக்கு ஒரு பொட்டலம் மஞ்சள் தூள் போட்டிருக்கிறார். நாலாவது தடவை நிறுத்துவதற்குள் இன்ஜின் ஹெட் வெடித்தது. பிஸ்டன் லைனரோடு ஒட்டிக்கொண்டது.

4. என் ஆராய்ச்சி

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். முதலாளி என்னைத்தான் பார்க்கச் சொன்னார். ரேடியேட்டரைத் திறந்தேன். மேலே சிவப்பாகக் குழம்பு போல மஞ்சள் தூள். மஞ்சளில் காரம் சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிற அதே சங்கதி. அதைத் துடைத்தால் அடியில், டியூபுக்குள் டியூபாக, வெள்ளைப் பாறை.

அந்த வெள்ளையில் ஒரு சில்லைச் சுரண்டி எடுத்து, டீக்கடையில் வாங்கிய எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். நுரைத்தது. சுண்ணாம்பு. எங்கள் போரில் இருந்து வந்த சுண்ணாம்பு. நான் உட்காரவைத்தது.

சில்லைச் சாக்கடையில் போட்டேன். சிவப்புக் குழம்பை ஒரு தட்டில் எடுத்துப்போய் முதலாளி முன்னால் வைத்தேன்.

"மஞ்சள் தூள் அடைச்சிருக்குங்க. அதான் சூடாயிருக்கு."

பெரியசாமி தட்டைப் பார்த்தார், அர்த்தனாரியைப் பார்த்தார்.

"ஏப்பா, எத்தன பொட்டலம் போட்ட?"

"ஒண்ணுதானுங்க. அதுவும் கொதிச்சதுக்கு அப்புறந்தானுங்க."

"இவரு படிச்சவரு. பொய்யா சொல்லுவாரு?"

அர்த்தனாரி என் முகத்தைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். சாவியை வைத்துவிட்டுப் போகும்படி முதலாளி சொன்னார்.

'இன்ஜினைத் தின்னவன்' என்ற பேர் நாமக்கல்லில் இருந்து ராசிபுரம்வரை அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. எந்த ஷெட்டிலும் வண்டி கொடுக்கவில்லை. நான் சத்தமில்லாமல் பத்து வண்டி ரேடியேட்டரையும் இறக்கிக் கழுவி, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து கூலண்ட் ஊற்றினேன். அதன் பிறகு ஒரு வண்டியும் கொதிக்கவில்லை. "மஞ்சளை நிறுத்தினதுல இருந்து ஒரு தொந்தரவும் இல்ல" என்று முதலாளி என்னை மேனேஜர் ஆக்கினார்.

5. ஆட்டையாம்பட்டி பஸ் ஸ்டாப்

ஆறு வருடம் கழித்து அர்த்தனாரியைப் பார்த்தேன். நூல் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

"நல்லா இருக்கீங்களா சார்? முதலாளிகிட்டச் சொல்லுங்க சார். ஒரு பொட்டலந்தான் போட்டேன். இருந்தாலும் அது என் தப்புதானுங்க. படிச்சவங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்."

என் பொய்யை அவரே நம்பிவிட்டார். அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏந்தம்பி, இப்ப எதுக்கு இது? நம்ம தம்பி தப்பாப் பாத்துட்டாருன்னு நான் போய் அவங்கிட்டச் சொல்லோணுமா?"

"தப்பாப் பாக்கலீங்க. சரியாப் பாத்துட்டுத் தப்பாச் சொன்னேனுங்க."

முதலாளி கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, "நாளையில இருந்து நீங்க வர வேண்டாம்" என்றார். இன்ஜினைக் கெடுத்ததற்கு மேனேஜர் பதவி. உண்மையைச் சொன்னதற்கு வீட்டுக்குப் போ. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கை அவருக்குப் பழக்கியவன் நான்தான்.

நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு வெண்ணந்தூருக்குப் போனேன். அர்த்தனாரியும் அவர் மனைவி பாவாயியும் தறியில் இருந்தார்கள். படித்துக் காட்டினேன். பாவாயி தறியை நிறுத்தினார்.

"இது அன்னைக்கே தெரியுமுங்களா உங்களுக்கு?"

"தெரியுமுங்க."

"என்னையப் பெத்த எங்கய்யன் சாவற வரைக்கும் இவரை இன்ஜினைத் தின்னவன்னுதானுங்க கூப்பிட்டாரு. அவருக்கு எங்க போய்ப் படிச்சுக் காட்டுவீங்க?"

பாவாயி மறுபடி தறியை ஓட்டத் தொடங்கினார். அர்த்தனாரி கடிதத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்.

அதே கடிதத்தை நகல் எடுத்து, அவரை வேண்டாம் என்ற ஷெட்டுகளுக்கெல்லாம் எடுத்துப் போனேன். இரண்டு இடத்தில் சிரித்தார்கள். ஒரு இடத்தில் வெளியே போகச் சொன்னார்கள். ராசிபுரத்தில் ஒருவர் முழுதாகப் படித்துவிட்டு, ஒரு டிரிப் பார்க்கிறேன் என்றார். அந்த ஒரு டிரிப் மூன்று வருடம் ஓடியது. அதற்குப் பிறகு அர்த்தனாரி மச்சானோடு சேர்ந்து ஒரு பழைய வண்டி வாங்கினார்.

இளைஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கூலண்ட் எதுவானாலும் லேபிளைக் கடைசி வரிவரை படியுங்கள். போர்த்தண்ணீரில் கலக்காதீர்கள். டிரைவர் முள் ஏறுகிறது என்றால் கேஜைக் குறை சொல்லாமல் வண்டியை நிறுத்திப் பாருங்கள். தப்பு உங்களுடையது என்றால் அன்று மாலைக்குள் சொல்லிவிடுங்கள். ஆறு வருடம் கழித்துச் சொன்னால், கேட்க வேண்டியவர்களில் ஒருவராவது இருக்க மாட்டார்.

வண்டி வாங்கிய செய்தி கேட்டு ஒருநாள் பார்க்கப் போனேன். பெயின்ட் அடித்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தார். பக்கத்தில் நாலைந்து டிரைவர்கள். நான் வண்டியை நோக்கி இரண்டு எட்டு வைத்தேன்.

"வாங்க சார், உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார் அர்த்தனாரி. "இன்ஜின் பேனட்டுப் பக்கம் மட்டும் போவாதீங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.