மோர்ப் பந்தல் பேனரில் ஒரு போன் நம்பர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்ரா பௌர்ணமி அன்று, திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை பக்கம் நடந்தது இது. என் புகுந்த வீடு கீழ்பென்னாத்தூர். நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுகிற குடும்பம். வருடம் தவறாமல் அன்றைக்கு என் மாமனார் அங்கே மோர்ப் பந்தல் போடுவார். பந்தலுக்கு மேல் ஒரு பெரிய பேனர். அதில் கைகூப்பி நிற்கும் அவருடைய படம், கீழே அவர் போன் நம்பர். கல்யாண வீட்டு வரவேற்பு மாதிரி இருக்கிறதே என்று நானும் என் கணவரும் கிண்டல் செய்வோம்.

நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் பொதுச் சுகாதாரம் சொல்லித் தருகிறேன். எந்த ஊரில் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு, எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் எண்களை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்வதுதான் என் ஆராய்ச்சி. அந்தச் சமயம் ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அத்தனை கூட்டம் வந்து போகிறதே, பௌர்ணமிக்குப் பிறகு இங்கே ஆஸ்பத்திரிகளில் வயிற்றுப்போக்கு ஏன் கூடுவதே இல்லை? அண்ணாமலையார் அருள் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். என் சந்தேகம் வேறு. கெட்ட தண்ணீர் வயிற்றைக் கலக்குவதற்குள் ஆள் பஸ் ஏறிப் போய்விடுகிறார். இங்கே வாங்கிய நோய் அவர் ஊர்த் தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசியோடு முடிந்துபோகிறது. எந்தக் கணக்கிலும் ஏறாது. இதை எழுதி ஒரு ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பிய கட்டுரை, ஆதாரம் எங்கே என்ற கேள்வியோடு திரும்பி வந்திருந்தது. நியாயமான கேள்விதான். ஆனாலும் எரிச்சல் தாங்கவில்லை.

அன்று கல்லூரி வேலையை முடித்துக்கொண்டு நான் பந்தலுக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. வெயில் இறங்கியும் அனல் அடங்கவில்லை. டிரம்மைச் சுற்றி ஒரே நெரிசல். உதவலாம் என்று கரண்டியை வாங்கிக் கலக்கினால், மோரில் மரத்தூள் மிதக்கிறது. உள்ளே பாறை மாதிரி ஒரு ஐஸ் பார். எங்கே வாங்கியது என்று கணவரைக் கேட்டேன். கடையில் ஐஸ் தீர்ந்துபோனதால், மீன் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டியிலிருந்து வாங்கிப் போட்டதாகச் சொன்னார். மீன் கெடாமல் இருக்கப் போடும் ஐஸ் அது. எந்தத் தண்ணீரில் செய்ததோ.

மாமனாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "சாமி பேரச் சொல்லி வச்சத கீழ ஊத்தச் சொல்றியாம்மா?" என்றார். ஆமாம் மாமா என்றேன். பிறகு அவரே டிரம்மைச் சாய்த்துவிட்டார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

ஆனால் அதற்குள் குடித்துவிட்டுப் போனவர்கள்? அந்தக் கூட்டத்தில் யாரைத் தேடுவது, யாரிடம் சொல்வது?

மறுநாளிலிருந்து திருவண்ணாமலையில் தெரிந்த டாக்டர்களுக்கெல்லாம் போன் போட்டேன். வயிற்றுப்போக்கு என்று ஒருத்தரும் வரவில்லை என்றார்கள். என் கணவருக்கு உயிர் வந்தது. "அதான் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே, வுடு" என்றார். அவருக்கு நிம்மதி தந்த அதே பதில் என்னைப் படுத்தி எடுத்தது. நோய் பிடித்தாலும் இங்கே ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள் என்று நான்தானே கட்டுரை எழுதியிருந்தேன். என் சந்தேகம் பொய்யாகப் போகட்டும், அந்தக் கட்டுரையே குப்பைக்குப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்த ஊரிலோ ஒரு குழந்தைக்கு வாய் உலர்ந்து கண் உள்ளே போயிருக்குமோ என்ற நினைப்பில் சோறு இறங்கவில்லை. மாமனார் கொல்லைக்குப் போனாலும் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை அது அடித்தது. தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண். பந்தல் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட போட்டோவில் எங்கள் நம்பர் இருந்ததாம். மாமனார் ஸ்பீக்கரில் போட்டார். ஊர் திரும்பியதும் அவருக்கும் அவருடைய சின்னப் பெண்ணுக்கும் வாந்தியும் பேதியுமாக ஆகியிருக்கிறது. பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி இப்போது தேவலையாம். திட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்தோம்.

"உங்க வூட்லயும் அந்த மோரத்தானே குடிச்சிருப்பீங்க? புள்ளைங்கல்லாம் நல்லா இருக்காங்களானு கேக்கலாம்னுதாங்க பண்ணேன்" என்றார் அந்தப் பெண்.

மன்னிச்சிடும்மா என்று மாமனார் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் போனை வாங்கி, ஐஸ் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் எப்படிக் கொடுப்பது என்றும் சொல்லி வைத்தேன். போனை வைத்த பிறகுதான் அழுதேன்.

என்னிடம் கேட்ட ஆதாரம் வீடு தேடி வந்துவிட்டது. ஆனால் கட்டுரையில் வைக்க முடியாத ஆதாரம். அவர்கள் அன்று வழியில் எத்தனை பந்தலில் கை நனைத்தார்களோ, எங்கள் மோர்தான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது? மாமனாருக்கு இந்த வாதமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "அந்தக் கொழந்தைய உன் கணக்குல சேத்துக்கினியாம்மா?" என்று கேட்டார். எங்கே சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் பேனரில் அவர் படம் இல்லை. அந்த இடத்தில், இங்கே குடித்த பிறகு உடம்புக்கு ஏதாவது என்றால் தயங்காமல் கூப்பிடுங்கள் என்ற வரியும், பெரிய எழுத்தில் அதே நம்பரும். இதைப் பார்த்து எவன் குடிப்பான் என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். எப்போதும்போல் கூட்டம் வந்து குடித்துவிட்டுத்தான் போனது. இப்போது நாங்கள் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில்தான் மோர் கரைக்கிறோம், ஐஸ் கிடையாது. அதன் பிறகு அப்படி ஒரு போன் வரவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது சந்தோஷம். எனக்கு மட்டும், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா அல்லது சொல்ல யாரும் கூப்பிடவில்லையா என்று ஒவ்வொரு சித்ரா பௌர்ணமிக்குப் பிறகும் மனசு அந்த போனையே பார்த்துக்கொண்டிருக்கிறது.