கித்தாரில் பதித்த கெம்போஜா

எருமைத்தோல் கொதிக்கிற நாற்றம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் வயிறு பசிக்கும். ஜப்பான்காரன் காலத்தில், மலாக்காவில் காஜா பெராங்கில் இருந்த எங்கள் பலகை வீட்டுக்குப் பின்னால், மண்ணெண்ணெய் டின்னில் தோல் துண்டுகளைப் போட்டு என் அண்ணன் மாணிக்கம் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாக்கு செத்துப்போயிருந்த நேரம் அது. அந்த நாற்றத்தை மோந்துகொண்டு பக்கத்து வீட்டு அம்மா ஒரு மங்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். மலாக்காச் செட்டிக் குடும்பம். வீட்டில் பேசுவது மலாய், சாமிக்கு மட்டும் நாலு தமிழ் வார்த்தை. நாங்களும் மலாயில் அம்மா என்கிற மாதிரி அவரை ‘மாக்’ என்று கூப்பிடுவோம். எலும்பு மிஞ்சினால் கொடு என்று மலாயில் கேட்டார். இது சூப் இல்லை மாக், கித்தாருக்குப் பசை என்று அண்ணன் சொன்னதும், டின்னுக்குள் வெகுநேரம் பார்த்துவிட்டு, பசி வந்தால் கித்தாரைக் கடிப்பாயா என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அவரே தன் வீட்டு உடைந்த அலமாரியின் கதவைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் சாத்தினார். கித்தாரின் முதுகுப் பலகை அதுதான்.

சோற்றுக்கு வழியில்லாத காலத்தில் கித்தார் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, உடம்பில் தெம்பு இருந்தது. அப்படிப்பட்டவர்களைத்தான் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் யார் போவது என்று பெயர் எழுதிக் கொடுத்தது ஜப்பான்காரன் இல்லை, நம்மாள். ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர், பத்துப் பதினைந்து ஜப்பான் வார்த்தை கற்றுக்கொண்டு பெரிய ஆளாகிவிட்டார். ஊரில் அவருக்கு ‘நிப்போன் கிராணி’ என்று பேர். சொந்தப் பெயரை நான் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்? இந்தக் கிராணி, அதிகாரிகளின் விழாக்களில் வாசிக்க ஒரு பாட்டுக் கோஷ்டி சேர்த்தார். கோஷ்டியில் இருப்பவனுக்கு முத்திரை குத்திய ஒரு காகிதம் கிடைக்கும். காகிதம் இருந்தால் லாரி இல்லை. அண்ணனுக்குக் கித்தார் வாசிக்கத் தெரியும், ஆனால் சொந்தமாகக் கித்தார் கிடையாது. கடையில் ஊசி நூல்கூடக் கிடைக்காத காலத்தில் கித்தாருக்கு எங்கே போவது? அண்ணன் வண்டிப் பட்டறையில் தச்சு வேலை பார்த்தவர், நானே செய்துகொண்டு வருகிறேன் என்று கிராணியிடம் சொல்லிவிட்டார்.

அப்போது கிராணி சொன்னது என் காதில் விழுந்தது, நான் கூடவே நின்றேன். “வெறும் பலகையக் கொண்டாந்து நிக்காதே மாணிக்கம். அவங்க ஊரு சக்குரா பூ போட்டுக் கொண்டா. வெள்ளைப் பூ, அஞ்சு இதழ். பாத்தா ஜப்பான் தொரைக்கு மனசு குளிரணும்.”

பூ வேலை என்னுடையது. எனக்குப் பதினொரு வயது, பள்ளிக்கூடம் பார்த்ததில்லை, ஆனால் விரல் சின்னது, கை நடுங்காது. அண்ணன் பலாப் பலகையைச் சீவி, வெந்நீரில் ஊறப்போட்டு, நெருப்பில் காய்ச்சிய இரும்புக் குழாயில் அழுத்தி வளைத்தார். இரண்டு உடைந்து மூன்றாவதுதான் இடுப்பு வளைவுக்கு வந்தது. சைக்கிள் ‘பிரேக்’ கம்பியைப் பிரித்து நரம்பாக்கினார். நான் கிளேபாங் கடற்கரைக்கு நடந்துபோய், தண்ணீர் வற்றிய சேற்றில் மெல்லிசான வெள்ளைச் சிப்பிகளைப் பொறுக்கி வந்து, சிமெண்டுப் படியில் தேய்த்துத் தேய்த்து இதழாக்கினேன். கித்தார் வாயைச் சுற்றி ஏழு பூ, முப்பத்தைந்து இதழ். குடைக்கம்பியைக் கூராக்கி ஒவ்வொரு இதழுக்கும் பள்ளம் தோண்டி, பசை வைத்து அழுத்தி, சந்தில் விளக்குக் கரியைக் குழைத்து அடைத்தேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது.

சக்குராவை நான் எங்கே கண்டேன்? வெள்ளையாக, ஐந்து இதழோடு எனக்குத் தெரிந்தது ஒரே பூதான். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற இடுகாட்டில் உதிர்ந்து கிடக்கும் கெம்போஜா, தமிழில் ஈழத்தலரி என்பார்கள். அதில் ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதழ் ஒன்றின்மேல் ஒன்று சாய்வதுகூடத் தப்பாமல் அப்படியே பதித்தேன்.

எல்லாம் முடிந்து பளபளப்பு ஏற்றும்போதுதான் அம்மா பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. “இத யாருடா வைக்கச் சொன்னது? பொணத்தோட படுக்கிற பூவு.”

அண்ணன் சிரித்தார். “அஞ்சு இதழ் இருக்கும்மா. எண்ணிப் பாத்துட்டு விட்டுருவானுங்க.” பெயர்த்து எடுத்தால் பலகை கீறிவிடும், வேறு பலகையும் இல்லை. அப்படியே கொண்டுபோனோம்.

கிராணி கித்தாரை மடியில் வைத்து, கட்டை விரலால் ஒவ்வொரு பூவையும் தடவிப் பார்த்தார். நல்ல கை வேலை என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தொரை பார்க்க வேண்டும், இங்கேயே இருக்கட்டும், காகிதம் வரும் என்று அனுப்பிவைத்தார். ஒரு வாரம் கழித்துத் திடலில் கோஷ்டி வாசித்தபோது நான் போய் நின்றேன். எங்கள் கித்தாரை மாட்டிக்கொண்டு கிராணியின் அக்காள் மகன் உட்கார்ந்திருந்தான். மூன்று விரலுக்கு மேல் நரம்பில் வைக்கத் தெரியாதவன்.

அண்ணன் கேட்கப் போனார். அதற்குக் கிராணி சொன்ன பதிலை நான் இத்தனை வருஷமாக மென்று துப்ப முடியாமல் வைத்திருக்கிறேன். “உன் தம்பி சுடுகாட்டுப் பூவப் பதிச்சு வச்சிருக்கான். அதோட நீ தொரை முன்னால நின்னா எங் கழுத்து போயிரும்.” பூ கெட்ட பூ என்றால் அதே பூவை அவர் அக்காள் மகன் நெஞ்சில் அணைத்துக்கொண்டு எப்படி வாசித்தான்? தொரை அவனைப் பார்க்கவில்லையா? அவன் கையில் சக்குரா, எங்கள் அண்ணன் கையில் கெம்போஜாவா?

மூன்றாம் நாள் பகலில் லாரி வந்தது. அண்ணன் ஏறும்போது என்னைப் பார்த்து, பசை டின்னைக் கழுவி வை என்று மட்டும் சொன்னார். அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. கூடப் போனவர்களில் திரும்பி வந்த ஒருவர், பாதி வழியிலேயே காய்ச்சல் கண்டது என்றார்.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், கிராணி வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு மறுபடியும் பெரிய மனுஷரானார். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால், அந்தப் பூவை வைக்காமல் இருந்திருந்தால் என்று இழுப்பார்கள். யாரும் அந்தப் பெயர்ப் பட்டியலைப் பற்றிப் பேசவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை, ஆனால் இடுகாட்டுப் பக்கம் போகும்போது என் கையை விட்டுவிடுவார். அது திட்டைவிட வலித்தது. மாக் மட்டும்தான் வேலியோரம் நின்று, மரத்திலிருந்து விழுகிற பூ யாருக்கு என்ன செய்யும், பேர் எழுதினவன் கையைப் போய்ப் பார் என்று மலாயில் சத்தமாகச் சொன்னார். மலாய் தெரிந்தவர்களெல்லாம் காது கேட்காதவர்கள் போல நடந்தார்கள்.

ஒருநாள் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில் வாசலில், நாலு பேர் பார்க்க, கிராணி என் தலையில் கை வைத்தார். “பாவம், சின்னப் புள்ள. தெரியாமச் செஞ்சிட்டான். நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன்.” எனக்கு அப்போது பதினாறு வயது. பல்லை உடைத்திருக்கலாம். நான் கைகூப்பினேன். அம்மா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் எல்லாரும் பிழைக்கத்தானே பார்த்தார்கள் என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் வீட்டிலிருந்து யாரும் லாரி ஏறவில்லை. கித்தார் என்ன ஆனது என்று தெரியாது; அக்காள் மகனைக் கேட்டபோது எங்கோ போய்விட்டது என்றான். மாக் போய்விட்டார், அவர் வீடும் இல்லை. எங்கள் பலகை வீடு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. போன மாதம் பேத்தி என்னைக் கடலோர ஓட்டல் ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். வாசலில் மண் சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கெம்போஜாவை மிதக்கவிட்டிருக்கிறார்கள். வரவேற்கிற பெண் ஒன்றை எடுத்து என் பேத்தியின் காதோரம் செருகினாள். பேத்தி சிரித்தாள். யாரும் முகம் வெளுக்கவில்லை.

அந்தப் பூவின்மேல் இருந்த பழி போய்விட்டது. என்மேல் இருந்ததை நானே இறக்கி வைக்கிறேன். கோயில் வாசலில் என் தலைமேல் வைத்த மன்னிப்பு எனக்கு வேண்டாம் கிராணி ஐயா, அதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கைகூப்பியது மட்டும்தான் நான் செய்த தப்பு.